மீண்டும் தாதியாகப் பதிவு பெறலாமா? ஸ்காபரோ வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு 41 வயது. இலங்கையில் அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் படித்து டிப்ளோமா பெற்று, வடமராட்சியில் ஒரு வைத்தியசாலையில் ஒன்பது ஆண்டுகள் தாதியாக வேலை செய்தேன். 2016இல் கணவர் ஸ்பொன்சர் செய்து ஒன்ராறியோவுக்கு வந்தேன். டிப்ளோமாவுக்கு இங்கே மதிப்பில்லை, நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னதால் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் பராமரிப்பு உதவியாளர் சான்றிதழ் எடுத்து, முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் ஏழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பெப்ரவரியில் கனடிய அரசியல்வாதி ஜீன் ஓகஸ்டினைப் பற்றி ஒரு செயற்றிட்டம் செய்தாள். முடித்துவிட்டு, “அம்மா, நீங்களும் ஊரிலை நேர்ஸ்தானே, இங்கை ஏன் செய்யேல்லை?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் பெண்கள் குழுவில் பகிரப்படும் புலம்பெயர்ந்த பெண்களின் சாதனைக் கதைகளை வாசிக்கும்போது எனக்கு ஊக்கம் வருவதில்லை, வெட்கம்தான் வருகிறது. என் இல்லத்தில் என்னைவிடப் பதினைந்து வயது குறைந்த ஒரு தமிழ்ப் பிள்ளை ஆர்.பி.என். (பதிவுபெற்ற நடைமுறைத் தாதி) ஆக இருந்து எனக்கு வேலை சொல்கிறாள். இனித் தொடங்குவது புத்தியா? கணவர் தடுக்கவில்லை, ஆனால் வீட்டுக் கடன் இருக்கும்போது இது தேவையா என்று கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தொடங்குங்கள் என்பதே என் பதில். உங்களை உற்சாகப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 2016இல் உங்களைத் திருப்பி அனுப்பிய விதி இன்று அதே வடிவத்தில் இல்லை என்பதால் சொல்கிறேன். அந்த விவரத்துக்குப் போவதற்கு முன்னர், நீங்கள் எழுதியிருக்கும் வெட்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். பலரிடம் அதுதான் விண்ணப்பப் படிவத்தைத் திறக்கவே விடாமல் தடுக்கிறது.

உங்கள் மகள் செய்த செயற்றிட்டத்தின் அட்டையில் அநேகமாக ஒரு வரி இருந்திருக்கும்: கனடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதலாவது கறுப்பினப் பெண், 1993. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வரி போதும். உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்திய 33 ஆண்டுகள். கிரனடாவில் 1937இல் பிறந்த ஜீன் ஓகஸ்டின் அங்கே ஆசிரியையாக வேலை பார்த்தவர். 1960இல் அவர் ரொறன்ரோவுக்கு வந்தது ஆசிரியையாக அல்ல, வீட்டுப் பணிப்பெண்ணாக. அக்காலத்தில் கரீபியன் தீவுகளின் கறுப்பினத்தவருக்குக் கனடாவின் குடிவரவு வாசல் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருந்தது. 1955இல் தொடங்கப்பட்ட ஒரு விசேட திட்டத்தின் கீழ், 18 முதல் 35 வயது வரையான, திருமணமாகாத, பிள்ளைகள் இல்லாத பெண்கள் மட்டும், குறைந்தது ஓர் ஆண்டு வீட்டு வேலை செய்யும் நிபந்தனையுடன் எடுக்கப்பட்டார்கள். வந்தவர்களில் ஆசிரியைகளும் தாதியரும் அலுவலக எழுதுநர்களும் இருந்தார்கள். படித்த படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பராமரிப்பதுதான் அவர்களுக்கு இந்த நாடு விட்டிருந்த ஏறக்குறைய ஒரே வழி. இனத்தையும் தேசத்தையும் பார்த்து ஆட்களைத் தெரிவுசெய்யும் முறை 1962இல்தான் விதிகளிலிருந்து பெரும்பாலும் நீக்கப்பட்டது. கல்வி, மொழி, தொழில் போன்றவற்றுக்குப் புள்ளி கொடுத்து ஆட்களைத் தெரிவுசெய்யும் முறை 1967இல் வந்தது.

ஓகஸ்டின் அந்த நிபந்தனைக் காலத்தை முடித்து, ரொறன்ரோ ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்து, ஒன்ராறியோவின் ஆசிரியர் சான்றிதழை 1963இல் பெற்றார். ஊரில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த தொழிலுக்கு இங்கே மறுபடியும் படித்தார் என்பதைக் கவனியுங்கள். பிறகு வேலை செய்துகொண்டே பல்கலைக்கழகப் பட்டமும், அதன்மேல் கல்வியியலில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். கத்தோலிக்கப் பாடசாலைச் சபையில் ஆசிரியையாக இருந்து அதிபரானார். எட்டோபிக்கோ–லேக்‌ஷோர் தொகுதியில் அவர் வென்றபோது அவருக்கு வயது 56. ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரியைக் கறுப்பின வரலாற்று மாதமாக நாடு முழுவதும் நினைவுகூரச் செய்த தீர்மானத்தை 1995இல் கொண்டுவந்தவரும் அவர்தான். உங்கள் மகளுக்கு அந்தச் செயற்றிட்டம் பெப்ரவரியில் கிடைத்தது அதனால்தான்.

இந்த வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, நாடாளுமன்றத்தை விட்டு வந்த பின்னர் அவர் ஏற்ற பதவி. வெளிநாட்டில் படித்த பொறியியலாளர், ஆசிரியர், கணக்காளர் போன்றோரை இங்குள்ள தொழில்சார் பதிவு அமைப்புகள் நியாயமாக நடத்துகின்றனவா என்று கண்காணிப்பதற்காக, 2006இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின் மூலம் ஒன்ராறியோ அரசு ஒரு நியாய ஆணையாளர் பதவியை உருவாக்கியது. சுகாதாரத் தொழில்களும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. 2007இல் நியமிக்கப்பட்ட முதலாவது ஆணையாளர் ஜீன் ஓகஸ்டின். 2015 வரை அப்பதவியில் இருந்தார். விண்ணப்பதாரிக்கு எத்தனை காலத்தில் பதில் கிடைக்கிறது, மறுக்கும்போது காரணம் எழுத்தில் தரப்படுகிறதா, கேட்கப்படும் ஆவணம் உண்மையிலேயே தேவைதானா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதிவு அமைப்புகள் அந்த அலுவலகத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்றும் கொடுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் தாதியர் பதிவு அமைப்பும் அந்தக் கண்காணிப்புக்கு உட்பட்டதுதான். ஆசிரியை ஒருவர் பணிப்பெண்ணாக வந்திறங்க வேண்டியிருந்த நாட்டில், அதே பெண்ணே பிற்காலத்தில் மற்றவர்களின் தகுதி வீணாகாமல் பார்க்கும் பொறுப்பில் அமர்ந்தார். அவர் உங்களுக்கு விட்டுச் சென்றிருப்பது அண்ணாந்து பார்க்க ஒரு படம் மட்டுமல்ல, நீங்கள் பயன்படுத்தக்கூடிய ஓர் உரிமையும் கூட.

ஆகவே, “அவர்களால் முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை” என்ற கேள்வியை நீங்கள் உங்களிடம் கேட்கும் விதத்தை நான் ஏற்கவில்லை. அதே திட்டத்தில் வந்த பெண்களில் எத்தனையோ பேர் அதே அளவு கெட்டிக்காரராகவும் உழைப்பாளிகளாகவும் இருந்தும், அவர்களுடைய பெயர்கள் எந்தப் பாடசாலைச் சுவரிலும் இல்லை. தனிமனித முயற்சியை மட்டும் சொல்லி, திறந்த வாசலையும் அடைத்த வாசலையும் சொல்லாமல் விடும் கதைகள் வாசிப்பவரைக் குற்றவாளியாக்கிவிடுகின்றன. இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, குளிரிலும் பனியிலும் அதிகாலைப் பேருந்து பிடித்து, முதியவர்களைத் தூக்கி எழுப்பிக் குளிப்பாட்டி உணவூட்டிய ஏழு ஆண்டுகளை வெட்கத்துக்குரியதாக எண்ண வேண்டாம் என்று உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். அந்த வேலை உங்கள் விண்ணப்பத்துக்கு எந்த அளவில் உதவும், எந்த அளவில் உதவாது என்பதைக் கீழே சொல்கிறேன்.

இனி விதிக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் 2016இல் சொன்னது பொய்யல்ல. ஒன்ராறியோவில் ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற தாதி ஆவதற்கு 2005 முதல் பட்டப்படிப்பு அடிப்படைத் தகுதியாக இருந்தது. இலங்கை டிப்ளோமாவுடன் வந்த மிகப் பலர் அந்த இடத்திலேயே திரும்பினார்கள். அப்போதும் ஆர்.பி.என். என்ற இரண்டாவது பிரிவு இருந்தது, அதற்கு டிப்ளோமா போதுமானது என்பதை உங்களுக்கு எவரும் சொல்லவில்லை. அது என் மனதை வருத்துகிறது. அதன் பின்னர் நிலைமை பலவாறு மாறியிருக்கிறது. பதிவு அமைப்பான ‘காலேஜ் ஒஃப் நேர்சஸ் ஒஃப் ஒன்ராறியோ’, வெளிநாட்டில் அந்தந்த நாடு அங்கீகரித்த தாதியர் கல்வியை ஏற்கும் விதமாகத் தனது கல்வித் தகுதி விதியை 2025 ஏப்ரலில் தளர்த்தியது. எனவே ஆர்.என்., ஆர்.பி.என். ஆகிய இரண்டில் எதற்கு நீங்கள் தகுதி பெறுகிறீர்கள் என்பதை அயலவரிடமோ, பழைய வாட்ஸ்அப் தகவலிலிருந்தோ, என்னிடமிருந்தோ கூட முடிவாக எடுத்துக்கொள்ளாமல், அந்த அமைப்பிடம் நேரடியாக எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். தொலைபேசியில் சொல்லப்படுவது பின்னர் எவரையும் கட்டுப்படுத்தாது.

உங்கள் முன்னால் இருக்கும் வேலைகளில் மிக நீண்ட காலம் எடுப்பது பரீட்சை அல்ல, ஆவணங்கள். இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் பெண்கள் முதலில் பரீட்சைப் புத்தகத்தைத்தான் வாங்குகிறார்கள். தகுதி மதிப்பீட்டுக்கு, நீங்கள் படித்த தாதியர் பயிற்சிக் கல்லூரி உங்கள் கல்விப் பதிவேட்டை மதிப்பீட்டு நிறுவனத்துக்குத் தானே நேரடியாக அனுப்ப வேண்டும். நீங்கள் கையில் வைத்திருக்கும் பிரதி, அது எவ்வளவு அழகாக உறுதிப்படுத்தப்பட்டிருந்தாலும், போதாது. இலங்கையில் உங்களைத் தாதியாகப் பதிவுசெய்த சபையின் உறுதிப்படுத்தலும், வேலை செய்த காலத்துக்கான சேவைக் கடிதமும் அவ்வாறே வர வேண்டும். உங்கள் வைத்தியசாலை மாகாண நிர்வாகத்தின் கீழ் இருந்திருந்தால், சேவைக் கடிதம் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தின் கோப்பிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டியிருக்கும். நீங்கள் பதவி விலகிய திகதி, விடுதி (வார்ட்) மாற்றங்கள், சம்பளமற்ற விடுமுறை எதுவும் இருந்தால் அதன் காலம் ஆகியவற்றைக் குறித்து, ஊரில் உள்ள நம்பிக்கையான ஒருவரிடம் அதிகாரக் கடிதம் ஒன்றை ஒப்படையுங்கள். அவர் நேரில் போய்க் கேட்பதற்கும், நீங்கள் இங்கிருந்து மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதற்கும் இடையில் மாதக்கணக்கில் வேறுபாடு இருக்கிறது.

பெயர் பற்றிய சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் பெண்களுக்கென்றே அமைந்த தடை. உங்கள் பயிற்சிக் கல்லூரிப் பதிவில் தகப்பனாரின் பெயர் முதலெழுத்தாகவும் உங்கள் பெயர் அதன் பின்னும் இருக்கும். கடவுச்சீட்டில் கணவரின் பெயர் சேர்ந்திருக்கும். கனடிய ஆவணங்களில் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குள் தகப்பனாரின் பெயரோ கணவரின் பெயரோ விழுந்திருக்கும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடியும் குறைந்தும் இருக்கும். மூன்று ஆவணங்களில் மூன்று பெயர்களைக் காணும் அலுவலர் கோப்பை நிறுத்திவைத்துவிடுவார், அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனவே முதல் ஆவணத்தை அனுப்புவதற்கு முன்னரே, உங்கள் பெயர் எந்தெந்த வடிவங்களில் எந்தெந்த ஆவணங்களில் இருக்கிறது என்று முழுமையாக எழுதி, அவை அனைத்தும் உங்களையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து, விவாகப் பதிவுச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் கோப்பின் தொடக்கத்திலேயே வையுங்கள்.

மொழிப் பரீட்சையை அவசரப்பட்டு எழுத வேண்டாம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். ஆவணங்கள் ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் அந்தக் காலம் முடிந்து, இரண்டாம் தடவை பணம் கட்டி எழுதியவர்கள் உண்டு. மதிப்பீட்டு நிறுவனம் உங்கள் ஆவணங்களைப் பெற்றுக்கொண்டது என்று அறிவித்த பிறகு திகதி எடுங்கள். அதுவரை பேச்சையும் எழுத்தையும் பழகுங்கள். நிரந்தர வதிவிட உரிமையுடன் இருந்தால் மத்திய அரசு நிதியளிக்கும் லிங்க் (LINC) ஆங்கில வகுப்புகள் இலவசம். குடியுரிமை எடுத்துவிட்டிருந்தால் லிங்க் கிடைக்காது, ஆனால் பாடசாலைச் சபைகள் மாகாண நிதியில் நடத்தும் வளர்ந்தோருக்கான ஆங்கில வகுப்புகளுக்குப் போகலாம்.

அடுத்தது அண்மைக்காலத் தொழில் அனுபவம். நீங்கள் கடைசியாகத் தாதியாக வேலை செய்தது 2016இல். பதிவு அமைப்பு கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் தாதியாக வேலை செய்ததற்கான சான்றைக் கேட்கிறது. பி.எஸ்.டபிள்யூ. வேலை தாதித் தொழிலாகக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த இடத்தில்தான் முன்பு பலருடைய முயற்சி முடிந்துபோனது: பதிவு இல்லாமல் தாதியாக வேலை செய்ய முடியாது, வேலை செய்யாமல் பதிவு பெற முடியாது. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்காக, மேற்பார்வையுடனான பயிற்சித் திட்டம் ஒன்றைப் பதிவு அமைப்பும் ‘ஒன்ராறியோ ஹெல்த்’ நிறுவனமும் 2022 தொடக்கத்தில் ஆரம்பித்தன. பதிவுபெற்ற தாதி ஒருவரின் மேற்பார்வையில் வைத்தியசாலையிலோ நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலோ குறிப்பிட்ட மணித்தியாலங்கள் வேலை செய்து, அனுபவத்துக்கான நிபந்தனையையும், சில வேளைகளில் மொழிக்கான நிபந்தனையையும் சேர்த்தே நிறைவேற்றலாம். உங்கள் ஏழு ஆண்டுகள் பயன்படுவது இங்கேதான். உங்கள் இல்லத்தின் தாதியர் பணிப்பாளருக்கு உங்கள் உழைப்பும் ஒழுங்கும் தெரியும். இல்லம் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். சேர்ந்திருக்காவிட்டால் சேர முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் ஊரில் தாதியாக இருந்தவர் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பெண்கள் இதை வேலையிடத்தில் சொல்வதில்லை. சொன்னால் பெருமை பேசுவதாக எண்ணுவார்கள் என்று கூச்சப்படுகிறார்கள். இது உங்கள் தொழில் வரலாறு, பணிப்பாளர் அறிந்திருக்க வேண்டிய தகவல்.

உங்களுக்கு வேலை சொல்லும் அந்த இளம் ஆர்.பி.என். பற்றியும் ஒன்று. அவர் அண்மையில் இங்கே படித்து, இங்குள்ள பரீட்சையை எழுதித் தேறியவர். எந்தப் புத்தகத்திலிருந்து படித்தார், எந்தப் பகுதி கடினமாக இருந்தது என்று கேட்பதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். வயதில் இளையவரிடம் கேட்பது எங்கள் பழக்கத்தில் சற்றுக் கடினம்தான். ஆனாலும் கேளுங்கள். அக்கா என்று அழைக்கும் ஒரு பிள்ளை, கேட்டால் மறுக்காது.

பரீட்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.என். பிரிவுக்கு 2015 முதல் அமெரிக்காவின் என்கிளெக்ஸ் பரீட்சையும், ஆர்.பி.என். பிரிவுக்கு 2022 முதல் ரெக்ஸ்–பி.என். பரீட்சையும் நடைமுறையில் உள்ளன. இரண்டும் கணினியில் எழுதப்படுபவை. முன்னைய விடைகளைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும். என்கிளெக்ஸில் குறைந்தது 85, கூடியது 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். மருந்தியலும் உடற்கூறும் உங்களுக்குப் புதிதல்ல. மறந்திருந்தால் மீண்டும் வந்துவிடும். இலங்கையில் படித்தவர்களைத் தடுமாறச் செய்வது வேறொன்று. நான்கு நோயாளர்களைக் காட்டி முதலில் யாரிடம் போவீர்கள் என்று கேட்பார்கள். வைத்தியர் எழுதிய மருந்தின் அளவு பிழையெனத் தோன்றினால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். மகன் வேண்டாம் என்கிறார், நோயாளியான தாய் வேண்டும் என்கிறார், யாருடைய சொல்லைக் கேட்பீர்கள் என்று கேட்பார்கள். வைத்தியரின் சொல்லுக்கு மறுசொல் இல்லாத, குடும்பத்தின் மூத்தவரே முடிவெடுக்கும் விடுதிகளில் நீங்கள் பழகியவர். இங்கே வைத்தியரிடம் விளக்கம் கேட்காமல் மருந்தைக் கொடுத்த தாதியும் பொறுப்பாளி. சுயநினைவும் தெளிவும் உள்ள நோயாளியின் சம்மதமே இறுதியானது. இந்தச் சிந்தனைமுறையை நீங்கள் வேலை செய்யும் இல்லத்திலேயே நாள்தோறும் பார்த்து வந்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கு உள்ள அனுகூலம். வெளிநாட்டில் படித்த தாதியருக்கென்றே ஒன்ராறியோவில் இயங்கும் ‘கெயார் சென்டர்’ என்ற அமைப்பில், தொழில்சார் தொடர்பாடல் வகுப்புகளும் பரீட்சைக்கான ஆயத்தமும், உங்கள் கோப்பைத் தனியாகக் கவனிக்கும் ஆலோசகரும் கிடைப்பார்கள். அங்கே பதிவு செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கணவர் கேட்ட கேள்வி நியாயமானது. அதைத் தடையாக எடுத்துக்கொள்ளாமல், கணக்காக எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறீர்கள் என்று அவர் பயப்படலாம். இந்தப் பாதையில் அது பெரும்பாலும் தேவையில்லை. மதிப்பீட்டுக் கட்டணம், மொழிப் பரீட்சை, விண்ணப்பம், பரீட்சை, பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் போகும். ஆனால் அவை ஒரே நாளில் அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அந்தந்த அமைப்பின் இணையத்தளத்தில் இன்றைய கட்டணங்களைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, எந்த மாதம் எது வரும் என்று அவருக்குக் காட்டுங்கள். ஒருவேளை மதிப்பீட்டின் முடிவில் நீங்கள் மேலும் படிக்க வேண்டும் என்று வந்தால், வேலையிலுள்ள பி.எஸ்.டபிள்யூ.க்கள் ஆர்.பி.என். படிப்பதற்கென 2022இல் ‘பிகின்’ என்ற உதவித்தொகை தொடங்கப்பட்டது. படித்து முடித்த பின்னர் குறிப்பிட்ட காலம் நீண்டகாலப் பராமரிப்பிலோ வீட்டுப் பராமரிப்பிலோ வேலை செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அது உங்களுக்கு ஏற்கெனவே பழகிய துறைதான்.

பணத்தைவிடக் கடினமானது நேரம். கணவரிடம் கேட்க வேண்டியது அனுமதியை அல்ல, மணித்தியாலங்களை. “படிக்கப் போகிறேன்” என்று பொதுவாகச் சொன்னால், ஒரு மாதத்துக்குள் சமையலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் விருந்தினரும் அந்த நேரத்தை விழுங்கிவிடும். கிழமையில் எந்த மூன்று மாலைகளில் பிள்ளைகளை அவர் பொறுப்பேற்பார், எந்த நாள் சமையல் அவருடையது என்று பெயர் குறித்துப் பேசிக்கொள்ளுங்கள். அந்த மாலைகளில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாம், அருகிலுள்ள பொது நூலகத்துக்குப் போய்விடுங்கள். வீட்டில் இருக்கும் தாயைப் பிள்ளைகள் அழைக்காமல் இருக்கமாட்டார்கள், அழைத்தால் நீங்களும் போகாமல் இருக்கமாட்டீர்கள். சனி ஞாயிறுகளில் வரும் பூப்புனித நீராட்டு விழாக்களிலும் பிறந்தநாள் கொண்டாட்டங்களிலும் எதற்குப் போவது, எதற்கு வாழ்த்து மட்டும் அனுப்புவது என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தால், உறவினரின் மனத்தாங்கலை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியிராது.

வயதைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நீண்ட பதில் தேவையில்லை. பதிவுக்கு வயது எல்லை கிடையாது. காலம் சற்று நீண்டு 44 வயதில் நீங்கள் பதிவு பெற்றாலும், அதன் பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக வேலை செய்யலாம். வடமராட்சியில் வேலை செய்த காலத்தைவிட அது இரண்டு மடங்குக்கும் அதிகம்.

மகளின் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பதிவு கிடைக்கும்வரை அந்தப் பதிலை ஒத்திவைக்க வேண்டாம். இந்த நாட்டில் ஊர்ப் படிப்பை ஏற்றுக்கொள்ள ஒரு முறை இருக்கிறது, அது அம்மா வந்தபோது கடுமையாக இருந்தது, இப்போது மாறியிருக்கிறது, அம்மா விண்ணப்பிக்கப் போகிறேன் என்று அவளுக்கு விளங்கும் சொற்களில் சொல்லுங்கள். கடிதங்கள் வரும்போது அவளுக்குக் காட்டுங்கள், நிராகரிப்புக் கடிதமாக இருந்தாலும். வென்ற பின்னர் மட்டும் சொல்லப்படும் கதைகளால் நீங்கள் பட்ட மனவேதனை அவளுக்கு வரக்கூடாது அல்லவா? உங்கள் பெண்கள் குழுவுக்கும் இதையே செய்யலாம். எந்த அலுவலகத்துக்கு எந்தக் கடிதம் எழுதினீர்கள், பதில் வர எவ்வளவு காலம் எடுத்தது, எந்த ஆவணம் எதற்காகத் திருப்பப்பட்டது என்று திகதியுடன் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். அந்தக் குழுவில் உங்களைப் போலவே டிப்ளோமாவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேறு வேலை செய்யும் இன்னொரு தாதி அநேகமாக இருப்பார். அவருக்கு வேண்டியது அந்தக் கொப்பிதான்.

மறுப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தெரிந்துவைத்திருங்கள். பதிவுக் குழு உங்கள் விண்ணப்பத்தை மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அறிவித்தல் கிடைத்த 30 நாட்களுக்குள், பதிவு அமைப்பிலிருந்து சுயாதீனமாக இயங்கும் சுகாதாரத் தொழில்களுக்கான மேன்முறையீட்டு, மீளாய்வுச் சபையிடம் மீளாய்வு கோரலாம். அந்த 30 நாட்களை மனவருத்தத்தில் கழிய விட்டவர்களை அறிவேன். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். முடிவில் பிழை இருப்பதாகத் தோன்றினால், அந்தக் கிழமையிலேயே சமூகச் சட்ட ஆலோசனை நிலையம் ஒன்றுக்குக் கடிதத்தைக் கொண்டுபோங்கள்.

பயிற்சிக் கல்லூரிக்கும் உங்களைப் பதிவுசெய்த சபைக்கும் பிராந்திய பணிப்பாளர் அலுவலகத்துக்குமான மூன்று கடிதங்களையும் இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும், உங்கள் பெயரையும் இலக்கங்களையும் மறைத்து, அதன் பிரதியுடன் எனக்கு எழுதுங்கள். ஆர்.என். பிரிவுக்கு விண்ணப்பிப்பதா, ஆர்.பி.என். பதிவை முதலில் பெற்று வேலை செய்துகொண்டே மேலே போவதா என்பதை அந்த அறிக்கையை வைத்துத்தான் சரியாகச் சொல்ல முடியும்.

அன்புடன்,
உங்கள் தொழில் ஆலோசகர்